படிப்புக்கும் படுக்கைக்கும் என்ன சம்பந்தம்

மெத்தைக் கம்பெனியில் பதினோரு வருடமாக அவருக்கு ஒரே வேலை: படுப்பது. தயாராகும் மெத்தைகளில் நூற்றுக்கு ஒன்றை அவர் முன்னால் கொண்டுவந்து போடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து இருபது நிமிடம், ஒருக்களித்து இருபது நிமிடம் படுப்பார். இடுப்பு எவ்வளவு அமுங்குகிறது என்று தாளில் குறித்துக் கொடுப்பார். எல்லோரும் அவரை மெத்தைக்காரர் என்றார்கள். சொந்தக்காரர்கள் வயிறெரிந்தார்கள். அவருக்கோ மூளைக்கு வேலை வேண்டும் என்று ஒரு தவிப்பு.

மாலைக் கல்லூரியில் வணிகச் சட்டம் படிக்கச் சேர்ந்தார். மேற்படிப்புக் கட்டணத்தைக் கம்பெனியே திருப்பித் தரும் என்று அறிவிப்புப் பலகையில் இருந்ததால், ரசீதோடு நலப்பிரிவு அதிகாரியிடம் போனார். அந்த அம்மாள் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்.

"படிப்பு உங்க வேலையோட சம்பந்தப்பட்டதா இருக்கணும். சட்டத்துக்கும் படுக்கிறதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

மெத்தைக்காரருக்குப் பொய் வராது. "வகுப்புல தூக்கம் வருது மேடம்."

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "எந்த மாதிரி தூக்கம்?"

மறுவாரம் வகுப்பறையின் கடைசி வரிசையில் ஒரு மெத்தை வந்து இறங்கியது. கல்லூரி விடுதிக்குக் கம்பெனி எழுபது மெத்தைகளைச் சும்மா கொடுத்திருந்ததால் முதல்வரே அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். கட்டணம் திரும்பக் கிடைக்க நிபந்தனை ஒன்றுதான்: ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தூக்க அறிக்கை தர வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்த மெத்தைக்காரரின் மனைவி ஆவலாகக் கேட்டாள்.

"இன்னைக்கு எவ்வளவு நேரம் தூங்குனீங்க?"

"எங்க தூங்குறது? ஒப்பந்தச் சட்டம் நடத்துனாங்க. கண்ணை மூட மனசு வரல."

"அப்ப பணம் வராதா?"

"அதான் பயமா இருக்கு."

'தூக்கம்: இல்லை' என்று ஒன்பது அறிக்கைகள் போனதும் அதிகாரி பதறிவிட்டார். மெத்தையில் குறையா, பாடத்தில் குறையா என்று பார்க்க இரண்டு இயக்குநர்களைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்கே வந்தார். அன்று சரக்கு ஒப்படைப்பு பற்றிய பாடம். அரை மணி நேரத்தில் ஒரு இயக்குநரின் தாடை நெஞ்சில் இறங்கியது. மற்றவர் அதிகாரியின் தோளில் சாய, அதிகாரி குறட்டையே விட்டார். மெத்தையில் குப்புறப் படுத்திருந்தவர் மட்டும் மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

விழித்ததும் மூத்த இயக்குநர் வாயைத் துடைத்துக்கொண்டார். "சம்பந்தம் இருக்கு. நாங்களே சாட்சி."

பணம் வந்தது. கூடவே ஒரு ஒப்பந்தமும் வந்தது: 'படிப்பு முடிந்தபின் ஊழியர் இரண்டு ஆண்டுகள் அதே நிலையில் நீடிக்க வேண்டும்.' கையெழுத்துப் போட்டார்.

தேர்வில் அவர்தான் முதல். கம்பெனியின் சட்டப் பிரிவில் இடம் காலியானபோது அங்கிருந்தவர்களே அவரைக் கேட்டார்கள். அதிகாரி ஒப்பந்தத்தை நீட்டினார்.

"அதே நிலையிலன்னு இருக்கே. பதவி மாற முடியாதுங்க."

"பதவின்னு எழுதலையே மேடம். நிலைன்னுதான் இருக்கு. இத்தனை வருஷமா நான் இங்க எந்த நிலையில இருக்கேன்?"

அதிகாரி யோசித்தார். "படுத்த நிலையில."

"அதுலயே நீடிக்கிறேன்."

திங்கட்கிழமை சட்டப் பிரிவில், கோப்பு அலமாரிக்கும் அச்சு இயந்திரத்துக்கும் நடுவே ஒரு மெத்தை விரிக்கப்பட்டது. ஸ்பிரிங் சப்ளை செய்பவர் பாக்கிக்காகச் சண்டை போட வந்தார். படுத்திருப்பவரோடு நின்றபடி சண்டை போட வரவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதியை மெத்தைக்காரர் சப்ளை ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவைக் காட்டித் தீர்த்துவைத்தார்.

அன்று சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொண்டது. மனைவி தைலம் தேய்த்துவிட்டாள்.

"இத்தனை வருஷம் படுத்துக் கிடந்தீங்க, ஒரு வலி வந்ததில்லையே."

"இப்ப படுத்துக்கிட்டே ஃபைல் படிக்கிறேன்ல" என்றார் அவர், வலியோடும் கொஞ்சம் கர்வத்தோடும்.