அக்காவின் வரியில்லாக் கணக்கு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வேலையைத் தட்டிக்கழிப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

எங்கள் சாப்பாட்டு மேசையில், உப்புக் கிண்ணத்துக்கு அடியில், இரண்டு கையேடுகள் கிடக்கின்றன. ஒன்று வங்கியுடையது, இன்னொன்று ஒரு முதலீட்டு நிறுவனத்துடையது. இரண்டு அட்டையிலும் ஒரு தம்பதி பல் தெரியச் சிரிக்கிறார்கள். கணக்குத் தொடங்குவதற்கு முன்பா, தொடங்கிய பிறகா என்று தெரியவில்லை. வரியில்லாச் சேமிப்புக் கணக்கை எங்கே தொடங்குவது, தொடங்கி அதற்குள் எதை வாங்கிப் போடுவது என்று நான் முடிவெடுக்க வேண்டும். மனைவி அதை என் தலையில் கட்டிவிட்டாள். "என்ன ஆச்சு?" என்று கேட்கும்போதெல்லாம் "படிச்சுக்கிட்டிருக்கேன்" என்கிறேன். படித்ததில் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி பயத்தைக் கொடுத்தது. பயம் வந்தால் நான் கதை எழுத உட்கார்ந்துவிடுவேன்.

கதைக்கு ஆள் வேண்டுமே. எங்கள் கட்டடத்து லிஃப்ட் மக்கர் பண்ணினால் ஒரு மெக்கானிக் வருவார். நரைத்த மீசை, முழங்கையில் கிரீஸ். ஒருநாள் அவர் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் பங்குச் சந்தை வரைபடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு கீழே போய்க்கொண்டிருந்தது. இவரும் அதோடு கீழே போவதுபோல் முகத்தை வைத்திருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றபோது அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர்—"

வேண்டாம். இரண்டு பேரைப் பெட்டிக்குள் அடைத்து உண்மையைக் கக்கவைப்பது கதாசிரியனின் சோம்பேறித்தனம். போதாததற்கு, அவர் மெக்கானிக். உள்ளே மாட்டினால் தானே சரிசெய்துகொண்டு போய்விடுவார்.

இரண்டாவது தொடக்கம்: "பணவீக்கம் என்பது நம் சேமிப்பை—"

இது கையேட்டிலிருந்து கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்துவிட்டேன்.

மூன்றாவது: "வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை அக்கா தன் தம்பியிடம் ஒப்படைத்தாள்." இது இருக்கட்டும். இதில் ஒருத்தி இருக்கிறாள், ஒருவன் இருக்கிறான், கெட்டுப்போகக்கூடிய ஒன்றும் இருக்கிறது.

3

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். சூடான உருளைகளுக்கு நடுவே ஈரப் படுக்கை விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் தகடு மாதிரி வெளியே வரும். அதை இருவராகப் பிடித்து மடிக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை. கெண்டைக்காலில் நரம்புகள் புடைத்திருந்தன. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கப்போவதில்லை. அவளுடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். வேலையிலிருந்து நின்ற பிறகு, ஜன்னல் உள்ள ஒரு சொந்த அறையில், யார் கையையும் எதிர்பார்க்காமல் உட்கார வேண்டும். தம்பி கையையும்கூட.

லிஃப்ட் மெக்கானிக்கை அவள் தம்பி என்றே கூப்பிட்டாள். எனவே மீசை சீக்கிரமே நரைத்திருந்தாலும் இந்தக் கதையில் அவன் தம்பிதான், "அவன்"தான். மெக்கானிக் சங்கத்தார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வரியில்லாக் கணக்கைப் பற்றி அவளுக்குச் சொன்னது கூட மடிக்கிற பெண். வருடத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அந்தப் பணம் உள்ளே எவ்வளவு வளர்ந்தாலும் அரசாங்கம் கை வைக்காது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.*

அக்கா தம்பியிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீயே பாத்துப் போடுடா. ஊரே உன்னை நம்பித்தான் ஏறி இறங்குது."

தம்பிக்கு அன்று உச்சி குளிர்ந்துபோனது.

(* இந்த இடத்தில் கையேட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. தம்பி அதைப் படித்தான், தலையாட்டினான், மறந்துபோனான். நானும் அப்படித்தான். உங்களுக்கு அது ஆறாம் பகுதியில் வரும்.)

4

அவன் தேர்ந்தெடுத்த விதத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. முதலில் வங்கிக்குப் போனான். வைப்புத்தொகையில் போட்டால் ஒரு காசும் குறையாது என்றார்கள். ஆனால் வட்டியைவிட விலைவாசி வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. காசு குறையாது, அதற்கு வாங்கக் கிடைக்கும் சாமான்தான் குறையும் என்று அவனுக்கே தெரிந்தது. அடுத்து ஒரு காப்பீட்டு முகவர் வீட்டுக்கே வந்தார். கட்டணம் எவ்வளவு என்று தம்பி கேட்டான். முகவர் அவன் குழந்தைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். மறுபடி கேட்டான். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் புகழ்ந்தார். தம்பி அவரை மரியாதையாக வழியனுப்பிவைத்தான்.

கடைசியில் போன் வழியாகவே எல்லாம் நடக்கும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தான். கட்டணம் குறைவு, அதை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகள் அத்தனையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிவைக்கும் நிதி ஒன்று அவர்களிடம் இருந்தது. அது அவனுக்கு உடனே விளங்கியது. லிஃப்டை ஒற்றைக் கயிற்றில் யாரும் தொங்கவிடுவதில்லை. ஒன்று அறுந்தால் மற்றவை தாங்கும்.

(இதை எழுதும்போதே இரண்டாவது கையேட்டை என் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டேன்.)

அக்கா வருடா வருடம் வரம்பு நிறையப் போட்டாள். பணம் வளர்ந்தது. கணக்கு அவள் பெயரில், செயலி தம்பியின் போனில். காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதைத் திறந்து பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிப்போனது. கயிற்றைத் தினமும் பார்ப்பது நல்ல மெக்கானிக்கின் லட்சணம் அல்லவா.

5

இதற்கு ஒரு இடம் கொடுத்தாக வேண்டும், எங்கே வைப்பதென்று தெரியாமல் இங்கே வைக்கிறேன்.

விடுமுறை நாட்களில் தம்பி அக்கா வீட்டில் சாப்பிடுவான். பாதிச் சாப்பாட்டில் போன் அடிக்கும், எங்கோ லிஃப்ட் நின்றிருக்கும். எந்தக் கட்டடம், எந்த மாடி என்றெல்லாம் அவன் பிறகுதான் கேட்பான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: "உள்ளே ஆள் இருக்கா?" இருக்கிறது என்றால் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவான். இல்லை என்றால் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வான். காலிப் பெட்டி எவ்வளவு நேரம் தொங்கினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவன் தொழில் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அக்கா அதை அவன் குரலிலேயே சொல்லிக் காட்டிக் கிண்டல் செய்வாள்.

6

பிறகு சந்தை விழுந்தது. முன்பும் இறங்கியிருக்கிறது, ஆனால் மெதுவாக. லிஃப்ட் என்றால் இறங்கத்தானே செய்யும் என்று அவன் அலட்டிக்கொள்ளவில்லை. இந்த முறை வேகமாக விழுந்தது. லிஃப்ட் இறங்குவது தப்பில்லை, அளவை மீறிய வேகத்தில் இறங்குவதுதான் தப்பு. அதைக் கண்காணிக்க மேலே ஒரு சின்னச் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். வேகம் எல்லை தாண்டினால் அது இரும்புப் பிடியை இழுத்துவிடும், பிடி தண்டவாளத்தைக் கவ்வும், பெட்டி நிற்கும். அதன் பிறகு ஆளை வெளியே எடுக்க வேண்டும்.

தம்பி அதைத்தான் செய்தான். ஒரு காலையில், வாயில் நுரையோடு, எல்லாவற்றையும் விற்றான். நிறுத்தியதோடு விடவில்லை, வெளியேயும் எடுத்தான். பணம் அக்கா அதிகம் எட்டிப்பார்க்காத சாதாரண வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு உயிரைக் காப்பாற்றிய நிம்மதியோடு வேலைக்குப் போனான்.

சந்தை கொஞ்ச நாளில் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, அவன் இல்லாமலே மேலே ஏறிப்போனது.

அக்காவிடம் அவன் சொல்லவில்லை. எடுத்ததைத் திருப்பிப் போட்டு, நஷ்டத்தைத் தன் கையிலிருந்து ஈடுகட்டி, சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தான். நிறுவனத்துக்குப் போன் செய்தான். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாக அந்தப் பொடி எழுத்து வரியைச் சொன்னாள். எடுத்த பணத்துக்கு உள்ளே இருந்த இடம் திரும்பக் கிடைக்காது. மறுபடி போட்டால் புதிதாகப் போட்டதாகத்தான் கணக்கு. வருட வரம்புக்கு மேல் போட்டால் தண்டம். இத்தனை வருட இடமும் போனது போனதுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பணத்தை ஈடுகட்ட அவனால் முடியும், வருடங்களை முடியாது. அக்காவின் ஜன்னல் இன்னும் தள்ளிப் போயிருந்தது. அதை அவளுக்குத் தெரியாமல் பக்கத்தில் இழுத்துவைக்க ஒரு வழியும் இல்லை.

7

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். முதல் முடிவில் தம்பி ஓய்வு நேரத்திலும் வேலை செய்து, வருடா வருடம் தன் பணத்தையும் சேர்த்துப் போட்டு, அக்காவுக்குத் தெரியாமலே— அக்கா என்ன, எழுதப் படிக்கத் தெரியாதவளா? அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில் தம்பி அழுகிறான், அக்கா அவன் தலையைத் தடவி, போனால் போகட்டும் என்கிறாள். எனக்கே கூசியது. கால் நரம்பு புடைக்க நின்று சேர்த்தவள் எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும்?

மனைவி படித்துவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்காவுக்கு வாயே இல்லையே. பணம் அவங்களோடது, பேச்செல்லாம் தம்பியோடது."

"அக்கா பேசுவா. இனிமேதான்."

"பாக்கலாம்" என்றாள். மேசையிலிருந்த கையேடுகளையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

8

சலவைப் பிரிவின் பின்வாசலில் ஒரு சிமெண்ட் மேடை உண்டு. இடைவேளையில் அக்கா அங்கேதான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவாள். ஒரு மத்தியானம் தம்பி அங்கே வந்து, உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். விற்றதை, எடுத்ததை, திரும்பப் போட முடியாததை, மறைக்கப் பார்த்ததையும்கூட. அவன் முடித்த பிறகுதான் அக்கா கேட்டாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஏன்டா?"

"ரொம்ப வேகமா விழுந்துச்சுக்கா."

அக்கா தன் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். கோபம் இருந்தது, அவள் அதை ஒளிக்கவில்லை.

"எப்ப போன் வந்தாலும் முதல்ல ஒண்ணு கேப்பியே. சோத்துல கை வச்சுக்கிட்டே கேப்பியே. அதைக் கேட்டியா?"

தம்பி போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

"எனக்கு அந்தப் பணம் இப்ப வேண்டியதில்லடா. இன்னும் ரொம்ப வருஷம் நிப்பேன் நான். அது விழுந்து, கிடந்து, எந்திரிச்சு வரட்டும்னு விட்டிருப்பேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? உள்ள ஆள் இருந்துச்சா?"

தம்பி அப்போதுதான் உட்கார்ந்தான். கிரீஸ் படிந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ இருந்தேக்கா. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. ஒவ்வொரு நாளும் நீதான் விழுந்துக்கிட்டிருந்தே."

9

அடுத்த வரி அக்காவுடையது. அது என்னிடம் இல்லை.

"அட கிறுக்கா" என்று எழுதினேன். அது மன்னிப்பாகிவிட்டது. அவள் எழுந்து உள்ளே போவதாக எழுதினேன். அது தண்டனையாகிவிட்டது. "சரி, செயலியை இனி என் போனில்—" என்று தொடங்கினேன். இது கொஞ்சம் அக்கா மாதிரி இருக்கிறது, ஆனால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்காமல் இத்தனை பக்கம் எழுதியவன் நானும்தானே.

மேசைக்குப் போனேன். இரண்டு கையேடுகளிலும் கடைசிப் பக்கத்தில் ஒரே கேள்வி இருக்கிறது: இந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவைப்படும்? இத்தனை நாளாக அதை எனக்கு நானே கேட்டு, எனக்கு நானே பதில் சொல்லிப் பயந்துகொண்டிருக்கிறேன். மனைவிக்கு எப்போது தேவைப்படும், எதற்குத் தேவைப்படும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அது தெரியாது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

சமையலறையில் குழாய் ஓடுகிறது, அவள் அங்கேதான் இருக்கிறாள். கையேடுகளை எடுத்துக்கொண்டு கேட்கப் போகிறேன்.

இடைவேளை முடியும் மணி இன்னும் அடிக்கவில்லை. அக்கா செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருக்கிறாள். தம்பி தலை குனிந்திருக்கிறான், அவளை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியாது. நீங்கள் பார்க்கலாம். நான் வர நேரமாகும். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டுவையுங்கள்.