கார்வெல் கல்லூரிப் பேருந்தின் எடை

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கார்வெல் கல்லூரியின் கால்பந்து அணியை ஏற்றிக்கொண்டு ஓஸ்ட்ரம் ஊருக்கு வந்த பேருந்து, ஆட்களோடு சேர்த்து எடை போட்டபோது, காலிப் பேருந்தைவிட முந்நூறு பவுண்டு குறைவாக இருந்தது. அன்று மக்காச்சோளம் ஒரு புஷல் அளவுக்கு நாலு டாலர் பத்து சென்ட், சோயா பத்தேகால், காற்று வடமேற்கிலிருந்து. பாலத்துச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் பேருந்து தானியக் கூட்டுறவுச் சங்கத்து வளாகத்துக்குள் நுழைந்து, எடை மேடை மேல் ஏறி இறங்கித்தான் மைதானத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்களை மைதானத்தில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்த இடம் தேடி ஓட்டுநர் அதே வழியாகத் திரும்பி வந்தார். இரண்டு தடவையும் எடை மேடைச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் வெர்லின் ஸ்வோபோடா. ஐம்பது தடியன்கள் இறங்கிப் போன பிறகு வண்டியின் எடை கூடியிருந்ததைப் பார்த்து அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். எடை மேடையைப் பெருக்கினார். தன்னுடைய பிக்கப் வண்டியை அதன் மேல் ஏற்றி இறக்கிப் பார்த்தார். மேடை சரியாகத்தான் இருந்தது. ஆகவே கார்வெல்காரன்கள்தான் சரியில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

வேறு முடிவுக்கு அவரால் வந்திருக்க முடியாது. நெப்ராஸ்காவின் அந்த மூலையில் வெர்லின் முப்பது வருடமாக விவசாயிகளின் லாரிகளை எடை போட்டு வந்தார். சோளத்தில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிறவர்கள், அடியில் கல்லைப் போட்டு மேலே தானியம் பரப்புகிறவர்கள், ஏன், குண்டான மச்சினனைச் சோளத்துக்குள் புதைத்து மூச்சுவிட ஒரு குழாயும் கொடுத்துக் கூட்டிவந்தவர் வரைக்கும் எல்லாரையும் பார்த்தவர். உலகத்தில் எந்தப் பொருளும் அது சொல்லிக்கொள்ளும் எடையில் இருப்பதில்லை என்பது அவருடைய கட்சி. தவிர, ‘நாரைகள்’ எனப்பட்ட ஓஸ்ட்ரம் கல்லூரி அணியினர் ‘காட்டெருமைகள்’ எனப்பட்ட கார்வெல் அணியிடம் பதினேழு வருடமாகத் தோற்று வந்தார்கள். சும்மாவும் தோற்கவில்லை. ஒரு வருடம் பந்தைத் தொடாமலே தோற்றார்கள். ஒரு வருடம் பனிப்புயலில் ஆட்டமே நடக்கவில்லை, அதிலும் தோற்றார்கள். எட்டுக் கல்லூரிகள் சேர்ந்த அந்தக் கூட்டமைப்பில் முதலிடம் என்பது கார்வெல்லின் குடும்பச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. மற்ற ஏழும் இரண்டாம் இடத்துக்குத்தான் அடித்துக்கொண்டன. பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிராளியின் எல்லைக்குள் ஓடுவதும், ஓடுகிறவன் மேல் பத்துப் பேர் போய் விழுவதுமான ஆட்டம் அது. அதில் எடையே இல்லாதவன் மோதி எடையுள்ளவன் பறந்து போய் விழுகிறான் என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது.

விஷயம் அன்று சாயங்காலத்துக்குள் லாவோன் உணவகத்துக்கு வந்துவிட்டது. அங்கேதான் ஓஸ்ட்ரத்து ரசிகர்கள் வருடம் முழுக்கக் கூடி உட்கார்ந்து கார்வெல்லை அலசுவார்கள்.

“ஹீலியம்,” என்றார் தீவனக் கடை ஆர்டன் க்ரூகர். “சட்டைக்குள்ள பை பையா ஹீலியம் வெச்சிருக்கானுங்க.”

“ஹீலியம் வெச்சா குரல் கீச்சு கீச்சுன்னு வருமேய்யா. அவனுங்க கத்துறது எருமை கத்துற மாதிரில்ல இருக்கு,” என்றாள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த லாவோன்.

“அதாம்மா சொல்றேன். ஹீலியம் இல்லாம இருந்தா இன்னும் எப்படிக் கத்துவானுங்கன்னு யோசிச்சுப் பாரு.”

எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். பயமாக இருந்தது. கார்வெல் பயிற்சியாளர் பையன்களுக்குப் புறாச் சூப்பு கொடுத்து எலும்பைப் பொந்தாக்கிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். அவர்கள் மைதானத்துப் புல்லை நிலவொளியில் மட்டும் வளர்க்கிறார்கள் என்று இன்னொருவர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மண்ணே அப்படி, அங்கே கோழிகூட எடை நிற்காது என்று மூன்றாமவர்.

வெர்லினுக்கு இதில் எதிலும் நம்பிக்கை இல்லை. அவருக்குத் தன் மகள் ரோக்ஸான் மேல்தான் சந்தேகம். பதினோரு வருடத்துக்கு முன் அவள் கார்வெல் அணியின் துணைப் பயிற்சியாளன் டெல் ப்ரூயிட்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதைக்கூடப் பொறுத்திருப்பார். கல்யாணத்தை அக்டோபர் சனிக்கிழமையில் வைத்தாள். கார்வெல்லுக்கு அந்த வாரம் ஆட்டம் கிடையாது. ஓஸ்ட்ரத்துக்கு இருந்தது, அதுவும் சொந்த மைதானத்தில். இந்த நாளைக் குறித்தது யார், எதற்காகக் குறித்தார்கள் என்று வெர்லின் யோசித்தார். யோசிக்க யோசிக்க அது கல்யாணமாகவே தெரியவில்லை. மனைவி டார்லீன் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாள். வெர்லின் கோட்டும் டையுமாக ஆட்டத்துக்குப் போனார். கூட்டமைப்பிலேயே நோஞ்சானான ஓர் அணியை ஓஸ்ட்ரம் அன்று நாற்பது புள்ளி வித்தியாசத்தில் அடித்தது. அவர் போகாவிட்டாலும் அடித்திருக்கும். அதிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், எந்தப் பக்கம் ஓடுவது என்று நம் அணி காட்டும் சைகைகளை அவள்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்பார் வெர்லின். டார்லீன் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளோடு தொலைபேசியில் பேசுவாள். அது தெரியாத மாதிரி வெர்லின் கீழே புல் வெட்டிக்கொண்டிருப்பார், பனிக்காலத்திலும்.

அந்தக் குளிர்காலத்தில் ஓஸ்ட்ரம் ஊரின் கனம் வெளியே தெரியத் தொடங்கியது. முதலில் ஆர்டனின் வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை உடைந்தது. பிறகு லாவோன் கடையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலை விரித்தன. லூத்தரன் தேவாலயத்தில் ஜெபத்தின் நடுவே இரண்டாம் வரிசை மொத்தமாக உட்கார்ந்த வாக்கில் தரைக்கு வந்தது. அவர்கள் ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். நடைபாதை சிமெண்டில் செருப்புத் தடங்கள் பதிந்தன. யாரும் கூடுதலாகச் சாப்பிடவில்லை, யாருடைய சட்டையும் இறுகவில்லை. வெர்லின் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக லாரி எடை மேடையில் நிற்க வைத்துப் பார்த்தார். மேடை மேல் நின்றுகொண்டே ஆர்டன், “அவனுங்க பந்துல காந்தம் இருக்குன்னு தோணுதுப்பா,” என்றார். முள் பட்டென்று பதினைந்து பவுண்டு ஏறியது. “நடுவுல நிக்கிறவன் கையுறைலயும்,” என்றார், இன்னும் ஏறியது. அப்போதுதான் புரிந்தது. கார்வெல்லைப் பற்றிச் சந்தேகப்பட்டுச் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே ஒரு பையன் லேசானான், இங்கே ஒருவர் கனத்தார். அந்தப் பேருந்தில் காணாமல் போன எடை முழுவதும் பதினேழு வருடமாக ஓஸ்ட்ரத்துக்காரர்களின் இடுப்பில்தான் இருந்தது. ஓஸ்ட்ரத்துப் பையன்களோ வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள். அவர்கள் ஓடுவது ஈரச் சிமெண்டில் ஓடுவது போல இருந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

“எனக்கு நாற்காலி வாங்கிக் கட்டுப்படியாகலை,” என்று லாவோன் கோடையின் கடைசியில் அறிவித்தாள். “இன்னைலருந்து இங்க காப்பி வேணும்னா கார்வெல்லைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லணும்.”

ஆர்டனுக்கு வியர்த்தது. “அவங்க ஊருத் தண்ணித் தொட்டி…” என்றார். “பெயிண்டு… நல்லாத்தான் அடிச்சிருக்காங்க.” உடனே எடை மேடைக்கு ஓடிப் போய் நின்று பார்த்தார். ஒன்பது பவுண்டு போயிருந்தது. மறுநாள் முடிதிருத்துபவர் அவர்களுடைய பேண்டு வாத்தியம் பரவாயில்லை என்றார். தபால்காரம்மா அந்தப் பையன்கள் கீழே விழுந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுவதைப் பார்த்ததாகச் சொல்லி, சொன்ன வேகத்தில் நாலு படியை ஒரே தாவாகத் தாவினாள். அக்டோபருக்குள் ஊர் பாதி லேசாகிவிட்டது. அமுங்கியிருந்த நடைபாதைகள் தாமாகவே மேலெழுந்தன. வெர்லின் மட்டும் சொல்லவில்லை.

“இதுவே கார்வெல்காரன் செஞ்ச ஏற்பாடுதான்யா. நம்ம வாயாலயே அவனைப் புகழ வெக்கிறான் பாருங்க,” என்றார். லாவோனின் கடைசி நாற்காலி உடைந்தது. அதிலிருந்து அவர் வீட்டிலேயே காப்பி குடித்தார். கட்டில் தாங்கவில்லை என்று டார்லீன் அவரைக் கார் கொட்டகையில், சிமெண்டுத் தரையில் படுக்க வைத்தாள்.

ஆட்டத்தன்று காலையில் டார்லீன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: “டெல்லுக்கு மொன்டானாவுல வேலை கெடச்சிருக்கு. ரோக்ஸானும் அவனும் அடுத்த மாசம் போறாங்க. அவ இந்தப் பக்கம் வர்றது இன்னையோட கடைசி. பஸ்ஸுல வருவா, பசங்களுக்குக் கணுக்காலுக்குக் கட்டுப் போட. போய்ப் பாருங்க.”

“அங்க போயி யாருக்குச் சைகை சொல்லப் போறாளாம்?” என்றார் வெர்லின். சொல்லி வாயை மூடுவதற்குள் சமையலறைத் தரை உடைந்து உள்வாங்கியது. நாற்காலியும் காப்பிக் கோப்பையுமாக அவர் நிலவறைக்கு இறங்கினார், காப்பி சிந்தவில்லை. மேலேயிருந்து டார்லீன் எட்டிப் பார்த்து, “இப்பவாவது?” என்று கேட்டாள். அவர் நிலவறைப் படியேறி, தாரில் தடம் பதித்துக்கொண்டே வேலைக்கு நடந்தார். எடை மேடையின் நடுவே நின்று தன்னை எடை போட்டுக்கொண்டார். சோளம் நிரம்பிய லாரி காட்டும் எடையை முள் காட்டியது. இறங்கலாம் என்று காலைத் தூக்கினார். கால் வரவில்லை.

ஆர்டன் ஒரு டிராக்டரும் இரண்டு சங்கிலியும் கொண்டுவந்தார். டிராக்டரின் முன்சக்கரம்தான் தூக்கியது. ஊரே வேலிக்கு வெளியே கூடி நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது கார்வெல் பேருந்து வந்து ஒலி எழுப்பியது. பாலத்துச் சாலை அந்த வருடமும் தோண்டித்தான் கிடந்தது. வேறு வழி இல்லை. கதவு திறந்தது. கையில் துணிக்கட்டுச் சுருளோடு ரோக்ஸான் இறங்கினாள். காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று வெர்லினுக்குத் தெரியவில்லை.

“அப்பா, நகருங்க. ஆட்டத்துக்கு நேரமாச்சு.”

“நகர முடியலை.”

“முடியலையா, மாட்டீங்களா?”

“ரெண்டும்தான்.” பிறகு பதினோரு வருடமாக வைத்திருந்ததைக் கேட்டார். “எங்க சைகையெல்லாம் நீதானே அவனுங்களுக்குச் சொல்லிக் குடுத்தே?”

ரோக்ஸான் அவரையே பார்த்தாள். “உங்க ஆட்டமே மூணுதாம்ப்பா. இடது பக்கம் ஓடுறது, வலது பக்கம் ஓடுறது, நடுவுல விழுறது. இதைச் சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணுமா?”

பேருந்துச் சன்னல்களில் ஐம்பது பேரும் சிரித்தார்கள். வேலிக்கு வெளியே ஆர்டனும் சிரித்தார். வெர்லின் அதைக் கவனித்துக்கொண்டார்.

“கல்யாணத்தன்னிக்குச் சர்ச்சுல என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆளில்லை,” என்றாள் ரோக்ஸான், குரலைத் தாழ்த்தி. “அம்மாதான் வந்தாங்க.”

“நான் கோட்டு போட்டுட்டுத்தான் கெளம்புனேன்.”

“எங்க?”

தானியக் குதிர்களின் உச்சியில் காற்று ஊதியது. ஓட்டுநர் மறுபடி ஒலி எழுப்பினார்; உள்ளிருந்து ஒரு கை, டெல்லின் கை, அவர் தோளைத் தொட்டு நிறுத்தியது. ரோக்ஸான் திரும்பிப் பேருந்துப் படியில் ஒரு காலை வைத்தாள்.

“கல்யாணத்துல என்ன சாப்பாடு போட்டே?” என்று வெர்லின் கேட்டார்.

அவள் திரும்பியபோது முகம் வேறாக இருந்தது. “கறியும் பீன்ஸும் போட்ட சில்லியும், தொட்டுக்கப் பட்டை போட்ட இனிப்பு ரோலும். நம்ம ஊர்ல போடுற மாதிரியே. கார்வெல்காரங்க ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, இதை எப்படிச் சேத்துச் சாப்பிடறதுன்னு முழிச்சாங்க.”

“அவன்?”

“டெல்லா? மூணு தட்டு சாப்பிட்டான்.”

“மூணா?”

“ரோலைச் சில்லில முக்கிச் சாப்பிட்டான்ப்பா.”

வெர்லின் இதை நெடுநேரம் எடை போட்டார். இதிலும் ஏதாவது இருக்குமா என்று எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தார். “அப்படின்னா,” என்றார் கடைசியில், “பையன் பரவாயில்லை.”

லாரியிலிருந்து சோளம் கொட்டுவது போன்ற சத்தம் அவர் உடம்பிலிருந்து கேட்டது. முள் சுற்றிக்கொண்டு இறங்கியது. கார்வெல் பேருந்தின் ஆறு சக்கரங்களும் புஸ்ஸென்று அமுங்கின. உள்ளே பையன்கள் இருக்கைகளில் பொத் பொத்தென்று விழுந்து, தங்கள் தொடைகளை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். வெர்லின் காலைத் தூக்கி எடை மேடையிலிருந்து இறங்கினார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானம் வரைக்கும் நடந்தே போனார். பேருந்து அவர்களுக்குப் பின்னால் மெதுவாக வந்தது.

கனத்துப் போன கார்வெல்லை அன்று சுலபமாக அடித்துவிடலாம் என்று ஊரே நம்பியது. ஓஸ்ட்ரம் தோற்றது. சொந்த எடையோடு ஆடிய கார்வெல்காரன்கள் முன்னைவிட நன்றாக ஆடினார்கள். அவர்கள் நல்ல அணி, அவ்வளவுதான் என்பது இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் எல்லாருக்கும் உறைத்தது. ஆனால் ஓஸ்ட்ரம் மூன்று புள்ளி எடுத்திருந்தது. அதற்காக விடியும்வரை வண்டிகளில் ஒலி எழுப்பிக்கொண்டே ஊரைச் சுற்றினார்கள். டெல்லும் ரோக்ஸானும் அன்றிரவு வெர்லின் வீட்டில் தங்கினார்கள். சமையலறைத் தரையின் ஓட்டையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேச வேண்டியதைப் பேசினார்கள்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, அக்டோபரில், வெர்லினும் டார்லீனும் மொன்டானாவுக்குப் போய்வருகிறார்கள். டெல்லின் புது அணி வேறு கூட்டமைப்பில் இருக்கிறது. அங்கே வெர்லினுக்குச் சந்தேகப்பட ஒருத்தரையும் தெரியாது. அதனால் இரண்டாம் கால்பகுதி ஆட்டத்துக்குள் அவர் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர் பலகையை விட்டு ஒரு முழம் மேலே வந்துவிடுகிறார். முதல் வருடம் சிலர் படம் எடுத்தார்கள். இப்போது பின்வரிசைக்காரர்கள், “பெரியவரே, மறைக்குது,” என்பதோடு சரி. ரோக்ஸான் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் இடுப்பு வாரை எட்டிப் பிடித்து, “அப்பா, நடுவரைப் பத்தி ஏதாவது சொல்லுங்க,” என்கிறாள். வெர்லின் நடுவரை உற்றுப் பார்க்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். “அந்தாளு விசில் ஊதுற விதமே சரியில்லை,” என்கிறார், பாதி இறங்குகிறார். “மச்சினன் எதிர் டீம்ல இருப்பான்.” உட்கார்ந்துவிடுகிறார். “போதும்ப்பா, பலகை உடையப் போகுது,” என்கிறாள் ரோக்ஸான். அவர் நிறுத்திக்கொள்கிறார். டார்லீன் காப்பியை ஊற்றி நீட்டுகிறாள்.