ஒன்பதாவது முகம்

வெள்ளையடித்த சுவரின் முன்னால் நாங்கள் மறுபடியும் கூடியபோது காலை ஷிப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முந்தின நாள்தான் நகராட்சி ஆட்கள் வந்து, நாங்கள் அதில் வரைந்திருந்த ஒன்பது பெண்களின் முகங்கள்மீதும் பட்டையாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கம்பெனியில் தீப்பிடித்து அந்த ஒன்பது பேரும் செத்த அன்று தையல் கூடத்தின் கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. துணி திருட்டுப் போகிறதாம். பூட்டச் சொன்னது யார் என்று இரண்டு வருஷமாக எங்களைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் தெருக்காரர்கள் சேர்ந்து, கம்பெனி வாசலுக்கு நேர் எதிரே அந்த முகங்களை வரைந்தோம்.

ஒன்பதாவது முகம் என் அக்கா. அவளுக்கு உருப்படியான போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடையாள அட்டையும் அவளோடு எரிந்துபோனது. "ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடைதானே, நீ உட்காரும்மா" என்றார் போர்டு எழுதுகிற அண்ணன். உட்கார்ந்தேன். அதற்கப்புறம் தினமும் என்னை நானே தாண்டித்தான் வேலைக்குப் போனேன். செத்தவர்கள் வரிசையில் என் மூக்கு, என் மோவாய். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவோ அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பஸ்ஸுக்கே சுற்றிக்கொண்டுதான் போவாள்.

இன்றைக்கும் வெள்ளைக்கு மேலே எட்டு முகங்களுக்குக் கோடு போட்டு முடித்து அண்ணன் என்னைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அம்மா வந்தாள், செருப்புகூடப் போடாமல்.

"எந்திரிடி."

"அம்மா..."

"எந்திரின்னு சொல்றேன்ல. நீ உசுரோட இருக்க. உன்னை எதுக்கு அங்க வைக்கிறாங்க?"

அண்ணன் கரித்துண்டைத் தாழ்த்தினார். "வேற படம் இல்லையேம்மா."

"பெத்தவ நான் இருக்கேன்ல? நான் சொல்றேன், நீ போடுப்பா."

சுவரருகே போய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நெத்தி இவளைவிட ஒரு விரல் அகலம். இடது புருவம் நடுவுல அறுந்திருக்கும், நடை பழகுறப்போ கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டா. கண்ணு சின்னது. சிரிச்சா காணாமலே போயிடும்."

அக்கா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அண்ணன் கை அவள் சொல்லுக்குப் பின்னாலேயே ஓடியது.

"வாய் எப்படிம்மா இருக்கும்?"

அம்மாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கம்பெனிச் சங்கு ஊதியது. வாசலை நோக்கிப் போன பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். சுவரில் ஒரு நெற்றி, அறுந்த புருவம், இரண்டு சின்னக் கண்கள். அதற்குக் கீழே, வெள்ளையில் ஊன்றியபடி, கரித்துண்டு காத்திருந்தது.