ஜுல்பிகரின் மூன்று வரைபடங்கள்

ஒரே காது, ஒரே அறை, ஒரே கருவி. ஆனால் மூன்று வாரத்தில் மூன்று வரைபடம். நெய்வேலியில் செவித்திறன் சோதனை செய்யும் சண்முகப்ரியா, மூன்றையும் மேசைமேல் பரப்பிவைத்து எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுரங்கத்தின் ஒப்பந்தத் தொழிலாளி ஜுல்பிகருக்கு முதல் வாரம் அறுபது டெசிபெல் சத்தம் கொடுத்தபின்தான் கேட்டது. இரண்டாம் வாரம் நாற்பத்தைந்திலேயே கேட்டது. மூன்றாம் வாரம் எழுபது.

இலவசக் காது மெஷின் முகாம் பதினைந்தாம் தேதி. ஒத்துப்போகும் இரண்டு வரைபடம் இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். அடுத்த முகாமுக்கு ஒரு வருடம் ஆகும். அதுவரை பேச்சைக் கேளாமலே இருந்தால், சொல்லைப் பிரித்தறியும் பழக்கம் தளர்ந்துபோகும். பிறகு மெஷின் வைத்தாலும் பேச்சு புரிய நாளாகும்.

ஹெட்ஃபோன் வயரை மாற்றிப் பார்த்தாள். தன் காதிலேயே சோதித்தாள். கருவியில் குறையே இல்லை.

நான்காம் முறை ஜுல்பிகர் மனைவி முனவராவோடு வந்தார். சட்டைக் காலரில் நிலக்கரித் தூசி.

"அண்ணே, கேட்டும் கேக்காத மாதிரி இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்டாள் சண்முகப்ரியா.

"வூட்டுல அப்படித்தாங்க" என்றாள் முனவரா. "மளிகை வாங்கியான்னா கேக்காது. சோறு ஆயிடுச்சின்னா கேக்குது."

"அது மூக்கு வேலை" என்றார் ஜுல்பிகர்.

சண்முகப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஷிஃப்ட் எப்போ முடிஞ்சுது?"

"இப்பதாங்க. கரி போற கன்வேயர் பெல்ட்டுலருந்து நேரா வரேன்."

"ஏன் நேரா?"

"பெல்ட்டு உருளையோட பேரிங்கை ஓடிக்கினு இருக்கிறப்பத்தானே பாப்போம்? நின்னு ஆறிட்டா கோளாறு தெரியாது. காதும் அப்படித்தானேன்னு சூட்டோட வரேன். ரெண்டாவது வாட்டி மட்டும் இவ தொல்லை தாங்காம ஆஃப் அன்னிக்கு வந்தேன்."

சண்முகப்ரியா இரண்டாம் வரைபடத்தை எடுத்தாள். நாற்பத்தைந்து. மூன்று வாரம் கருவியைச் சந்தேகித்தாள், மனிதரைச் சந்தேகித்தாள். எங்கிருந்து, எப்போது வருகிறார் என்று மட்டும் கேட்கவில்லை.

"அண்ணே, உள்காதுல மயிரிழை மாதிரி செல்லுங்க இருக்கு. நாள் முழுக்க இரைச்சல் பட்டா, மிதிபட்ட புல் மாதிரி சாஞ்சிடும். ஓய்வு கொடுத்தா நெறைய நிமிரும். செத்தது நிமிராது. மெஷின் அந்தச் செத்ததுக்குத்தான். ஷிஃப்ட் முடிஞ்சதும் பாத்தா, களைப்பையும் சேர்த்துல்ல அளக்கறோம்?"

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா? மூணு வாரமா அலையறோம்" என்றாள் முனவரா.

"நான் மொதல்லயே கேட்டிருக்கணும்க்கா."

அன்று சோதனை நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஜுல்பிகருக்கு வார விடுமுறை. புதன் காலை, வேலைக்குப் போகும் முன் வந்தார். நாற்பத்தைந்து. இதுவும் இரண்டாம் வார வரைபடமும் ஒத்துப்போயின. இரண்டையும் முகாமுக்கு அனுப்பிவிட்டு, சண்முகப்ரியா வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டினாள்:

"ஷிஃப்ட் முடிந்து நேராக வர வேண்டாம். குறைந்தது பதினாறு மணி நேரம் இரைச்சல் இல்லாமல் இருந்துவிட்டு, வார விடுமுறைக்கு மறுநாள் வேலைக்குப் போகும் முன் வாருங்கள்."