உரப்பைக்குள் தணல்

நிந்தவூரில் பஸ் ஏறி, காரைதீவைத் தாண்டும்போதுதான் முஸ்பிறா தன் அபாயாவின் இடுப்புப் பக்கத்தில் அந்த ஓட்டையைக் கண்டாள். மிளகளவுதான். விளிம்பு உருகி இறுகியிருந்தது. தடவினால் விரலில் நெருடியது. நேற்றுக் கழுவிப் போட்டபோது அது இல்லை.

காலையில் இதே உடுப்போடுதான் பேக்கரிக்குப் போயிருந்தாள். வீட்டு வளவில் அவள் வைத்த கத்தரிச் செடிகளில் பூச்சி விழுந்து இலையெல்லாம் சுருண்டு கிடந்தன. மரச்சாம்பல் தூவினால் பூச்சி போகும், மண்ணுக்கும் நல்லது என்று அங்கே வேலை செய்யும் சப்ரி சொல்லியிருந்தான். போறணை அடுப்பிலிருந்து வாரிய சாம்பல் பின்பக்கம் இரண்டு குவியலாகக் கிடந்தது.

"இடப்பக்கம் உள்ளத அள்ளுங்க றாத்தா, அதுதான் ஆறின சாம்பல்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் இரண்டிலிருந்தும் அள்ளினாள். உரப்பையை இடுப்பில் அணைத்து வந்தபோது இளஞ்சூடு தெரிந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள். கொண்டுவந்து குசினிப் பின்கதவோரம், காய்ந்த தேங்காய் மட்டைகளின்மேல் சாய்த்து வைத்தாள். அதற்கு மேலே தென்னோலைக் கிடுகுத் தாழ்வாரம்.

உள்ளே அவள் கணவன் மசூர் படுத்திருந்தான். உழவு மெஷின் இழுக்கும் பெட்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து, தொடைவரை மாவுக்கட்டு. அவனுடைய எக்ஸ்ரே படத்தை எடுத்துவரத்தான் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். போன கிழமை அந்த வீதியில் இரண்டு வீட்டில் களவு போயிருந்தது. அதனால் பின்கதவுக்கு மேல்கொண்டி போட்டு, முன்கதவை வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

மசூரின் கைபேசிக்கு அழைத்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. அதை மண்டபத்து மேசையில் சார்ஜில் போட்டது தானே என்பது அப்போதுதான் நினைவு வந்தது. அடுத்த வீட்டு நிப்லா காலையிலேயே அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டாள். வேறு யாருக்குச் சொல்வது?

"தம்பி, நிப்பாட்டுங்க. நான் இறங்கணும்."

எதிரே வந்த ஆட்டோவை மறித்து ஏறினாள்.

"நிந்தவூருக்கு. கெதியாப் போங்க தம்பி. ஆள உள்ள வெச்சுப் பூட்டிட்டு வந்திட்டன். வீட்டில நெருப்புப் புடிச்சிரிக்கும் போல."

சாரதி கண்ணாடியில் ஒருமுறை அவளைப் பார்த்தான். பிறகு விரட்டினான்.

ஓதத் தொடங்கிய துஆ பாதியில் அறுந்து அறுந்து போனது. தென்னைகளுக்கு மேலே புகை எழுந்தது. கிட்டப் போனால் யாரோ வயலில் வைக்கோல் எரித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டியதும் தூரத்தில் இன்னொரு புகை. அது மெல்லியது, ஆனால் அவள் வீட்டுப் பக்கம்.

பூட்டுத் துவாரத்தில் திறப்பு நுழைய மறுத்தது. சாரதி வாங்கித் திறந்தான். உள்ளே கண் எரிந்தது. கட்டில் வெறுமையாக இருந்தது.

"இஞ்ச… எங்க ஈக்கிறீங்க?"

குசினியிலிருந்து இருமல் கேட்டது. மசூர் பின்கதவடியில் தரையில் கிடந்தான். கையில் உலக்கை, அதால் மேல்கொண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறான். எட்டவில்லை. கதவின் கீழால் புகை வந்துகொண்டிருந்தது. குடத்துத் தண்ணீரை அதன் வழியே ஊற்றியிருந்தான். மாவுக்கட்டும் நனைந்து கரைந்திருந்தது.

சாரதி கொண்டியைத் தள்ளிக் கதவைத் திறந்தான். மட்டைக் குவியல் முழுவதும் தணலாகச் சிவந்திருந்தது. உரப்பை உருகி ஒட்டிக் கிடந்தது. கிடுகின் நுனியில் தீ ஏறிவிட்டிருந்தது. அவன் மண்வெட்டியால் எரிந்த கிடுகைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தான். அவள் குழாயடிக்கும் கதவடிக்கும் வாளியோடு ஓடினாள். எத்தனை வாளி என்று தெரியாது. கடைசியில் சாம்பல் சேறாகிச் சீறுவதும் நின்றது.

மசூர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"உன்னக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைச்சுப் போச்சு," என்றான். "நீ வீட்டில இல்லண்டுறதே மறந்து போச்சு."

அவள் ஈரக் கையால் அவன் முகத்தில் படிந்த கரியைத் துடைத்தாள்.

"ரெண்டு பேரும் ஏறுங்க அக்கா," என்றான் சாரதி. "ஆஸ்பத்திரிக்குப் போவம். கட்டு திரும்பப் போடணும்."

"ஓம்," என்றாள். ஆனாலும் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி குழாயடிக்குப் போனாள்.

"ஊத்தினது காணும் முஸ்பிறா. அணைஞ்சிட்டு," என்றான் மசூர்.

அவள் அந்த வாளியையும் கொண்டுவந்து ஊற்றினாள். குந்தியிருந்து, சேற்றுக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்து, சூடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.