நண்டு தின்ற மறுநாள்

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அன்று காலை ஊரே பற்றைக்குள் குந்தியிருந்தது. ஆமியின் செல் குண்டடிக்குப் பயந்து அல்ல, வயிற்றோட்டம். மாதக்கணக்காக வாவியில் வலை வீசத் தடை போட்டிருந்த ஆமிக்காரன், முந்தின நாள் என்ன நினைத்தானோ, தடையை எடுத்துவிட்டான். நண்டும் இறாலும் கரைக்கு வந்ததுதான் தாமதம், சனம் வயிறு வெடிக்கத் தின்று தீர்த்தது.

நிவாரண நிறுவனத்தின் வெள்ளைக்கார டொக்டர் அம்மா வாகனத்தில் வந்து இறங்கினார். கூடவே மொழிபெயர்ப்பாளன் நல்லரத்தினம். கலியாணம் கட்டி, இதே ஊரில் மாமியார் சீதேவிப்பிள்ளை வீட்டோடு இருப்பவன். அவனும் நண்டு தின்றவன்தான். அதனால் வாகனக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நோய்க்குக் காரணம் 'பிஞ்ஜ்' என்று இங்கிலீசில் எழுதினார் டொக்டர். நல்லரத்தினத்துக்கு அந்தச் சொல் புதிது. கேட்டான். போதும் என்று நிறுத்தத் தெரியாமல், கொஞ்ச நேரத்துக்கு வெறி பிடித்த மாதிரித் தின்பது, குடிப்பது, அதுதான் என்றார். தங்கள் ஊரில் விடுமுறை வந்தால் இளசுகள் குடியில் அப்படி விழுவார்களாம். தானும் ஒருமுறை ஒரு கேக்கைத் தனியாளாக முடித்த கதையைச் சொல்லிச் சிரித்தார். நல்லரத்தினத்துக்கு எரிச்சல் வந்தது. கேக்கும் பசியும் ஒன்றா?

பிறகுதான் டொக்டரின் கேள்வி வந்தது. இந்தச் சனம் அடிக்கடி இப்படித் தின்னுமா? தின்னுமென்றால் நிவாரண அரிசியை வேறு ஊருக்குக் கொடுக்கலாமே? அடிக்கடி இப்படித் தின்பீர்களா என்று நல்லரத்தினம் சனத்திடம் தமிழில் கேட்டான்.

பதில் சொல்ல முன்னுக்கு வந்தது சீதேவிப்பிள்ளை. வீடு தேடி வந்தவரிடம் 'இல்லை' என்ற சொல் அவள் வாயில் வராது. அடுப்பில் பூனை படுத்திருந்தாலும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பாள்.

"எங்களுக்கென்ன குறை? நாள் தவறாம இப்பிடித்தான் சாப்பிடுற எண்டு சொல்லுங்க மகன்."

நல்லரத்தினம் அவள் பக்கம் குனிந்தான். "மாமி, உள்ளதச் சொல்லுங்க. அரிசிய நிப்பாட்டிப் போடுவா."

"வந்த ஆளுக்கிட்டப் பசி எண்டு சொல்லி மானம் போகணுமா? நான் சொன்னதச் சொல்லுங்க."

டொக்டர் பேனையோடு காத்திருந்தார். நல்லரத்தினம் இங்கிலீசில் சொன்னான்: "எங்கள் சாப்பாடு கஞ்சியும் மரவள்ளிக்கிழங்கும்தான், வயிறு நிறைந்தது நேற்று மட்டும்தான் என்கிறார்."

டொக்டரின் கண் கலங்கியது. சீதேவிப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தார். மருமகன் என்ன சொல்லியிருக்கிறான் என்று மாமிக்கு அப்போதே விளங்கிவிட்டது. கையை உருவிக்கொண்டு தன் வீட்டு வளவுக்குள் போய்விட்டாள்.

அடுத்த கிழமை அரிசி மூட்டை மூட்டையாக வந்தது. அதுவரை மாமி அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வெந்ததும் தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"தின்னுங்க மருமகன். என்ட மானத்த வித்து வாங்கின சோறு. நல்லாத் தின்னுங்க."

நல்லரத்தினத்துக்கு முகம் எரிந்தது. எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தான். சோற்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு தின்றான். தட்டு வெறுமையானதும், நிமிர்ந்து பாராமலே, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி நீட்டினான்.