சார்ஜ் அறையில கற்பூரம்

எம் புருசனுக்குக் கண்ணு போனது சாமி குத்தத்துனாலன்னு இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியுத நாக்குகளுக்கெல்லாம் பழுக்கக் காய்ச்சிச் சூடு போடணும்போல இருக்கு எனக்கு. ஒரு சாமியும் ஒண்ணும் செய்யல்ல. செஞ்சது பூராவும் மனுசன். நான் அங்கனதான் நின்னேன், ரெண்டு கண்ணாலயும் பாத்தேன், அதனால சொல்லுகேன்.

கொல்லம் வருசம் ஆயிரத்து நூத்தெட்டு, எங்க பக்கத்துக் கணக்குல ஆண்டு பொறந்த ஆவணி மாசம். வடசேரியில ரசலையன் முதலாளிக்கு ஒரு பஸ் ஷெட் உண்டு. சுசீந்திரத்துக்கும் தக்கலைக்கும் அவரு வண்டிதான் ஓடும். எங்க வீட்டுக்காரரு அங்க கிளீனரு, பொன்னுலிங்கம்னு பேரு. வண்டி கழுவ, வெள்ளம் ஊத்த, கம்பியச் சுத்தி இஞ்சினக் கிளப்ப எல்லாம் அவியதான். லைசென்சு வாங்கி வச்சிருந்தாவ, ஆனா ஓட்டுததுக்கு வண்டி கெடைக்கல்ல. ஒரே ஆச, ஒரு நாளாவது ஸ்டீரிங்கு வளையம் பிடிக்கணும். சோறு திங்கும்போதுகூடத் தட்டத்த ரெண்டு கையாலயும் பிடிச்சு அங்கயும் இங்கயும் வளைப்பாவ. “ஒழுங்காத் தின்னுங்க, தட்டத்தோட தக்கலைக்குப் போயிராதீங்க”ன்னு நான் கேலி பண்ணுவேன். அவிய வாயாலயே ஹாரனும் அடிச்சுக் காட்டுவாவ.

அந்தக் காலத்துல பஸ்ஸுல பாட்டரி செத்துப்போச்சின்னா திருவனந்தபுரத்துக்குத்தான் கொண்டு போகணும். அது போயி வருத வரைக்கும் வண்டி சும்மா கெடக்கும். சர்க்கார் கரண்டு எங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்கல்ல. முதலாளி யோசிச்சாரு, வண்டி நிறுத்துத எடத்துலேயே சார்ஜ் ஏத்தினா என்ன? ஷெட்டுக்குள்ள கருப்பட்டி அடுக்கி வச்சிருந்த ஒரு அறைய ஒழிச்சாரு. வெளிய ஒரு எண்ணெ இஞ்சினும் டைனமோவும், உள்ள பலகமேல வரிசையாப் பாட்டரியும் வச்சாரு. நம்ம வண்டி மட்டுமில்ல, வக்கீலு காரும் டாக்ஸிக் காரும் வந்து நிக்கலாம், மாடு தொட்டியில வெள்ளம் குடிக்கமாதிரி கரண்டு குடிச்சிற்றுப் போகலாம்னு ஊரெல்லாம் சொல்லிவிட்டாரு. அறையப் பாத்துக்கிட எங்க வீட்டுக்காரர வச்சாரு. “தொறப்பு விழாவ ஒரு கொறையுமில்லாம நடத்திக் குடு பொன்னுலிங்கம், அடுத்த வாரம் தக்கல வண்டி உனக்கு”ன்னாரு. அன்னைக்கு அவிய வீட்டுக்கு ஓடித்தான் வந்தாவ.

மிஷினு மாட்ட வந்த திருவனந்தபுரத்து ஆளு எல்லாரையும் கூட்டிவச்சு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. சார்ஜ் ஏறும்போது பாட்டரி கொதிக்கும், அதுல இருந்து ஒரு வாயு வரும். மணமும் இல்ல நெறமும் இல்ல, தீயக் கண்டா வெடிக்கும். பீடி, தீப்பெட்டி, விளக்கு ஒண்ணும் உள்ள வரப்பிடாது, சன்னலு எப்பவும் தொறந்து கெடக்கணும். முதலாளியும் கேட்டாரு, மூத்த டிரைவரு நாராயணபெருமாளும் கேட்டாரு. “இங்கே தீ கூடாது”ன்னு பலகையில எழுதி வாங்கி, கதவுக்கு மேல ஆணி அடிச்சு மாட்டினதே அந்த நாராயணபெருமாளுதான்.

தொறப்பு அன்னைக்குக் காலையில நான் அவல் நனைச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். டிரைவர்மாரு எல்லாரும் குளிச்சுத் துன்னூறு பூசி நிக்காவ. தக்கல வண்டியக் கழுவி, மாலை போட்டு, வாசலப் பாத்து நிறுத்தியிருக்கு. அறைக் கதவுக்கும் மாலை போட்டாச்சி. தீ கூடாதுன்னு சொன்ன பலகைக்குக்கூட மூணு சந்தனப் பொட்டு வச்சிருந்தானுவ. உள்ள பாட்டரி எல்லாம் மூடி தொறந்து, புளுபுளுன்னு கொதிச்சுக்கிட்டுக் கெடக்கு. நாராயணபெருமாளு கற்பூரத்தட்டோட வந்தாரு.

“அண்ணாச்சி, கற்பூரத்த வெளிய வாசல்ல வச்சுக் காட்டிருவோம்”னு எங்க வீட்டுக்காரரு பைய சொன்னாவ.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும். நாங்க அய்யாவழி. நாங்க கும்பிடப் போகுத தாங்கல்ல சிலையும் கெடையாது, கற்பூரமும் கெடையாது. தலப்பா கட்டி, நெத்தியில நாமம் போட்டு, கண்ணாடி முன்னால போயி நிப்போம். அதுல தெரியுத நம்ம முகத்துலதான் அய்யா இருக்காருன்னு எங்களுக்கு. இது ஊருக்கே தெரியும். வேற யாரு அந்த வார்த்தையச் சொல்லியிருந்தாலும் நாராயணபெருமாளு கேட்டிருப்பாரு. எங்க வீட்டுக்காரரு சொன்னதுனால அவருக்குச் சுருக்குன்னு ஏறிற்று.

“ஓஹோ! உங்களுக்குக் கற்பூரம்னாலே ஆவாதுல்லா? உங்க வழி உங்களோட இருக்கட்டும். எங்க பூசைய வெளிய தள்ள நீ யாருலே?”

“அய்யோ, அதுக்குச் சொல்லல்ல அண்ணாச்சி. பாட்டரி கொதிக்கு. நீங்கதானே பலக மாட்டினிய?”

“பலக பீடிக்கு. பீடித் தீயும் சாமித் தீயும் ஒண்ணாலே?”

“அப்படீன்னா இஞ்சின நிறுத்திற்று, காத்து உள்ள ஓடினப்பெறவு காட்டுங்க.”

“செத்த மிஷினுக்கா பூச? நல்ல சகுனம் சொல்லுகான் பாரு!”

எல்லாரும் முதலாளியப் பாத்தாவ. நானும் பாத்தேன். ரசலையன் முதலாளி வேதக்காரரு, கிறிஸ்தவ சபையில முன்வரிசையில இருக்க மனுசன். ‘வேண்டாம்’னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிருக்கும். ஆனா வேதக்காரன் பூசையத் தடுத்தான்னு பேரு வந்தா மறுநாளு ஒருத்தனும் வண்டி எடுக்கமாட்டான். அந்தப் பயம் அவருக்கு. “இதுல நான் என்னத்தப் பேச, உங்க இஷ்டம்”னு சொல்லிற்று ஷெட்டு வாசலுக்குப் போயி நின்னுக்கிட்டாரு. தூரமாத்தான் போயி நின்னாரு, கேட்டுக்கிடுங்க. தெரியாதவனா தூரமாப் போவான்?

ஆவணி வந்தும் ஆரல்வாய்மொழிக் காத்து அடங்கல்ல. நாராயணபெருமாளு அறை வாசல்ல நின்னு கற்பூரம் கொளுத்தினாரு, அணைஞ்சிற்று. மறுபடி கொளுத்தினாரு, மறுபடியும் அணைஞ்சிற்று. சகுனம் சரியில்லன்னு ஒருத்தன் முணுமுணுத்தான். எல்லாக் கண்ணும் எங்க வீட்டுக்காரர் மேல திரும்பிச்சி. எவனோ ஒருத்தன் போயி சன்னல இழுத்துச் சாத்தினான். நாராயணபெருமாளு தட்ட அவிய கையில குடுத்தாரு.

“நீயே காட்டு. அப்பந்தான் உனக்கு எங்க சாமி மேல வெறுப்பு இல்லன்னு நம்புவோம். வெறுப்பு உள்ளவன்கூட நாங்க வண்டி ஓட்டமாட்டோம்.”

“இஞ்ச பாருங்க, வேண்டாம், வந்திருங்க. வளையமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்!”னு கத்தினேன்.

“ஏட்டி, பொம்பளைக்கு இங்கன என்ன சோலி?”ன்னு பின்னால இருந்து ஒருத்தன் அதட்டினான்.

அவிய என்னயப் பாத்தாவ. அவியளுக்கும் பயம்தான். பெறவு திரும்பி மாலை போட்டு நிக்க தக்கல வண்டியப் பாத்தாவ. அந்த ஒரு பார்வையிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சி, இனி நான் சொன்னாக் கேக்கமாட்டாவ. “ஒண்ணுமில்ல பிள்ள, தூரத்துல இருந்து காட்டிற்று வந்திருகேன்”னு சொல்லி உள்ள போனாவ. காத்து வராம இருக்கக் கதவையும் பாதி சாத்தினானுவ. அவிய தட்டுல இருந்த கற்பூரத்துக்குத் தீ வச்சாவ. இந்தத் தடவ நின்னு எரிஞ்சிச்சி.

“கிட்டக் காட்டுலே, கிட்ட!”ன்னு நாராயணபெருமாளு வாசல்ல நின்னு சொன்னாரு.

அவிய ஒரு எட்டு முன்னால வச்சாவ. டமார்னு ஒரே ஒரு சத்தம். தட்டு பறந்து செவருல அடிச்சுது. பாட்டரிக்குள்ள கெடந்த திராவகம் பூராவும் முகத்துல. “செல்லக்கனீ”ன்னு எம்பேரச் சொல்லி அலறினாவ. அதுக்கு முன்ன நாலுபேரு முன்னால என்னயப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல.

வண்டி கழுவுத தொட்டி நெறைய வெள்ளம் இருந்துச்சி. குடத்துல மோந்துக்கிட்டு ஓடினேன். “தீப்புண்ணுல வெள்ளம் ஊத்தப்பிடாது”ன்னு ஒரு படிச்ச முண்டம் எங் கையப் பிடிச்சான். அவன் கைய ரெத்தம் வரக் கடிச்சிற்று ஊத்தினேன். குடங்குடமா ஊத்தினேன். என்ன பிரயோசனம்?

மிஷன் ஆஸ்பத்திரியில கட்டு அவுத்த அன்னைக்கு, “ஏன் பிள்ள, இன்னும் விளக்கு கொளுத்தல்லியா?”ன்னு கேட்டாவ. உச்சிப்பகலு, சன்னல் வழியா வெயிலு கட்டில்ல விழுந்து கெடக்கு. டாக்டரு என்னயப் பாத்துத் தலைய ஆட்டிற்று அடுத்த கட்டிலுக்குப் போயிற்றாரு. நான் அங்கனயே உக்காந்து வாய்விட்டு அழுதேன். நான் அழுததுலதான் அவியளுக்கு வெவரம் தெரிஞ்சிச்சி.

முதலாளி ஒரு நாளு பழமும் ரொட்டியும் வாங்கிக்கிட்டு வந்து, “ஆண்டவரோட சித்தம்”னாரு. “தட்டு எடுக்கச் சொன்னது ஆண்டவரா?”ன்னு கேட்டேன். பழத்தக் கட்டில்ல வச்சிற்றுப் போயிற்றாரு. இப்பம் அந்த அறைக்கு இன்னும் ரெண்டு சன்னலு வச்சிருக்காவ. பூச நாளுல இஞ்சின நிறுத்திற்று, கற்பூரத்த ஷெட்டுக்கு வெளிய, ரோட்டு ஓரத்துல வச்சுக் காட்டுகாவ. எங்க வீட்டுக்காரரு அன்னைக்குச் சொன்ன அதே மாதிரிதான். ஆனா நாராயணபெருமாளு ஊருக்குள்ள சொல்லுகது என்ன தெரியுமா? “கற்பூரத்தப் பழிச்சான், சாமி கண்ணப் பறிச்சிற்று.” தக்கல வண்டிய இப்பம் அவரு தங்கச்சி மவன் ஓட்டுகான். வெளங்குமா?

இப்பமும் தட்டத்த ரெண்டு கையாலயும்தான் பிடிக்காவ. வளைக்கதுக்கு இல்ல, சோறு எங்க இருக்குன்னு தடவிப் பாக்கதுக்கு.

போன ஞாயித்துக்கிழம தாங்கலுக்குப் போகணும்னு அவியளாவே கேட்டாவ. தலப்பா கட்டிவிட்டேன். வெந்து சுருங்கின நெத்தியில நாமம் நேரா நிக்கல்ல, அழிச்சு அழிச்சுப் போட்டேன். கையப் பிடிச்சுக் கொண்டு போயி உள்ள நிறுத்தினேன்.

“கண்ணாடிக்கு நேராத்தான் நிக்கேனா பிள்ள?”

“நேராத்தான் நிக்கிய.”

கொஞ்ச நேரம் கும்பிட்டுக்கிட்டு நின்னாவ. பெறவு கைய நீட்டி, கண்ணாடியத் தொட்டுத் தடவினாவ.

“எம் முகத்துலதான் அய்யா இருக்காருன்னு சொன்னாவளே செல்லக்கனி. இனி நான் அவர எங்க போயிப் பாக்க?”

எங் கண்ணுல பாருங்கன்னு வாயெடுத்தேன். அதுக்கும் கண்ணு வேணுமே!